போர்வைக்கு அடியில் நாற்பத்து மூன்று டிகிரி

அந்த வருடம் பேரி மரங்கள் எட்டு நாள் முன்கூட்டியே மொட்டு விட்டன. பிப்ரவரி முழுக்கக் காய்ந்த வெயிலில் மரங்கள் ஏமாந்துபோயிருந்தன. மொட்டுகள் வெளுத்து உப்பி, இன்றோ நாளையோ என்று இருந்த நேரத்தில், மார்ச் பதினெட்டாம் தேதி வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. மூன்று நாள் விடாத தூறல். சரிவில் தோட்டம் வைத்திருந்த ஏழு வீட்டுக்காரர்களும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். பிறகு கீழே இருந்த ஆறு வீட்டாரும் மேலே, சாய்லியென்னின் வீட்டைப் பார்த்தார்கள். அந்த வீட்டில்தான் தூள் காய்ந்துகொண்டிருந்தது.

தூள் என்றால் மகரந்தம். சரிவில் நின்றவை எல்லாம் பெரிய மஞ்சள் பேரி ரகம். அதன் பூவுக்கு அதன் சொந்த மகரந்தம் சேராது. வேறு ரகத்தின் தூள் வேண்டும், அதைக் கொண்டுவந்து கொட்டத் தேனீக்கள் இல்லை. அவை போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால் முந்திப் பூக்கும் சின்ன ரக மரங்களில் மொட்டைப் பறித்து, சல்லடையில் தேய்த்து, உள்ளிருக்கும் செந்நிற மகரந்தப் பைகளைப் பிரித்து, காகிதத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைப்பார்கள். பைகள் வெடித்து மஞ்சள் தூள் உதிரும். மூங்கில் கழியின் நுனியில் கோழி இறகைக் கட்டி, அந்தத் தூளைத் தொட்டு, ஒவ்வொரு பூவாகத் தடவ வேண்டும். பூ திறந்து நான்கு நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். அதற்குள் ஒரு குடும்பம் தன் தோட்டத்தைத் தனியாக முடிக்க முடியாது. ஆகவே ஏழு வீடும் சேர்ந்து முறை போட்டுக்கொண்டன. இன்று எல்லோரும் உன் மரத்தில், நாளை எல்லோரும் என் மரத்தில். தூள் காயவைக்கும் வீட்டுக்கு எப்போதும் கடைசி முறை. அவர்களுக்கு வேலை அதிகம். அதோடு இப்போது காயவைக்கிற வீட்டின் தோட்டம் எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே பூவும் ஒரு நாள் தாமதமாகத்தான் விரியும்.

நான்கு வருடமாக அந்த வேலை சாய்லியென்னிடம் இருந்தது. ஆற்றங்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், முப்பத்தொரு வயது. அவளுக்கு முன்னால் காயவைத்தது அவள் கணவனின் சித்தி குவேய். எல்லோருக்கும் குவேய் அத்தை. வேலையைக் கைமாற்றியபோது அத்தை பெரிதாக எதுவும் சொல்லவில்லை. இந்தப் பெண் எதையும் எழுதிவைக்கிறாள், மறக்க மாட்டாள், அவ்வளவுதான் காரணம் என்றாள். அன்றிலிருந்து சாய்லியென்னுக்கு 'நோட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையில் அவள் எழுதாமல் இருந்தால் தன்னையே நம்ப மாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை வந்து, அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அவள்.

தூளுக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரி சூடு வேண்டும். குறைந்தால் பை வெடிக்காது. முப்பதைத் தாண்டினால் தூள் செத்துப்போகும். செத்ததும் உயிருள்ளதும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் அதே மஞ்சள், அதே வாசனை, விரலில் அதே வழவழப்பு.

மற்ற வருடங்களில் கட்டிலில் படுக்கையைச் சூடாக்கும் மின்கம்பளத்தை விரித்து, முதல் எண்ணில் வைத்து, மேலே காகிதம், காகிதத்தில் பைகள். கட்டில் காலில் ஓர் ஆணி, ஆணியில் வெப்பமானி. இந்த வருடம் அறையே ஆறு டிகிரியில் உறைந்து கிடந்தது. முதல் நாள் முழுக்க ஒரு பைகூட வெடிக்கவில்லை. கீழேயிருந்து, தோட்டக்காரர்களில் ஒருவரான பாங் அண்ணன் மூன்று முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். மொட்டுகள் ஈரத்தில் அழுகினால் பறிக்க வேறு மொட்டு இல்லை. சாய்லியென் யோசித்து, கம்பளத்தை இரண்டாம் எண்ணுக்கு ஏற்றினாள். காகிதத்தின் மேல் மூங்கில் வளைவுகளை நிறுத்தி, அதன்மேல் ஒரு பஞ்சுப் போர்வையைக் கூடாரம்போலப் போட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதினாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. மறுநாள் மதியம் போர்வையை விலக்கியபோது பைகள் எல்லாம் வெடித்து, காகிதம் மஞ்சளாக இருந்தது. இவ்வளவு நல்ல நிறம் அவளுக்கு எந்த வருடமும் வந்ததில்லை. ஏழு சிறு கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி, மூடி இறுக்கி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டாள்.

இருபத்தோராம் தேதி சூரியன் வந்தது. சரிவு முழுக்க ஒரே காலையில் வெளுத்தது.

முதல் நாள் முறை அடிவாரத்திலிருந்த இரண்டு தோட்டங்களுக்கு. பதினைந்து பேர் மரங்களில் ஏறினார்கள். கழுத்தில் குப்பி, கையில் இறகுக் கழி. நாற்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாத பாங் அண்ணன், கிளை முறியுமோ என்று மற்றவர்கள் பயப்படும் உடம்போடு மேலே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பூவுக்கும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கெளையில மட்டும் நூத்தம்பது கல்யாணம் முடிச்சு வெச்சிட்டேன். ஒருத்தி வீட்லயாவது ஒரு வாய் சாராயம் ஊத்தறாங்களா பாரு."

"மரத்துக்கெல்லாம் முடிச்சு வெக்கிற," என்றாள் அடுத்த மரத்திலிருந்து குவேய் அத்தை. "உனக்கு ஒண்ணு அமையலையே. இறகு உன் கையில நல்லாத்தான் இருக்கு, வேற என்னதான் கொறையோ."

பெண்கள் சிரித்ததில் கிளைகள் ஆடின. பாங் அண்ணன் தன் குறையைப் பற்றி விரிவாகப் பதில் சொன்னார். அதைக் கேட்டு இளம் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கிழவிகள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒரு பூவும் விடுபடவில்லை.

இரண்டாம் நாளும் அப்படித்தான் தொடங்கியது. அன்றைய முறை நடுச்சரிவின் இரண்டு தோட்டங்கள். மதியம் சாப்பாட்டு வேளையில் சாய்லியென் மட்டும் வீட்டுக்கு ஏறினாள். தூள் போதாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், காலையில் இன்னொரு தட்டு பைகளை அதே போர்வைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஆணியில் வெப்பமானி இல்லை. தரையில் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள். பிறகு போர்வையைத் தூக்கினாள். காலையில் போர்வையை இழுத்துச் சரிசெய்தபோது அதன் ஓரத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும், அது காகிதத்தின்மேல், பைகளுக்கு நடுவில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று.

வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள். பாதரசம் இறங்கியது. இருபத்தாறில் நின்றது. மறுபடியும் உள்ளே வைத்து, ஐந்து நிமிடம் எண்ணி, எடுத்தாள். நாற்பத்து மூன்று.

ஆக, அவள் இரண்டு நாளாக எழுதிய இருபத்திரண்டு, கட்டில் காலுக்குப் பக்கத்தில், கம்பளத்திலிருந்து கசிந்த காற்றின் சூடு. போர்வை இல்லாத வருடங்களில் கட்டில் காலும் காகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். போர்வை வந்த பிறகு இரண்டும் வேறு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தாள். எல்லா எண்ணும் வரிசையாக, அழகாக இருந்தன.

ஆனால் இன்று அறை சூடாக இருக்கிறது, அன்று குளிர்ந்திருந்ததே. அன்று உள்ளே முப்பத்தைந்து இருந்திருக்கலாம். முப்பதாகவே இருந்திருக்கலாம். அவள் தன் குப்பியிலிருந்து ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்தாள். தலைவலி, சந்தையில் மாத்திரை வாங்கி வருகிறேன் என்று கணவன் தேஃபூவிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சந்தை ஊரில் விவசாய நிலையத்தில் நிங் டீச்சர் இருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண்தான், ஆனால் நிலையத்தில் வேலை பார்க்கும் எல்லோரையும் அந்தப் பக்கத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் துண்டில் சர்க்கரைக் கூழ் தடவி, தூளைத் தூவி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். உயிருள்ள துகள் மூன்று மணி நேரத்தில் வால் விடும், மெல்லிய நூல்போல. பூவுக்குள் அந்த வால் இறங்கிப் போனால்தான் காய் பிடிக்கும்.

சாய்லியென் வெளியே வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரமும் மனத்துக்குள் மரங்களை எண்ணினாள். முதல் நாள் இருநூற்றுப் பத்து. இன்று இருநூறு ஆகியிருக்கும். நாளை இன்னொரு இருநூறு. பிறகு அவளுடைய தொண்ணூறு.

நான்கரை மணிக்கு நிங் டீச்சர் கூப்பிட்டு, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். வட்டத்துக்குள் மணிமணியாகத் துகள்கள். ஒன்றுக்கும் வால் இல்லை.

"இது யாரோடதுக்கா?" என்று கேட்டாள் நிங் டீச்சர்.

"எங்க மலையில ஒருத்தருது."

"ஒண்ணுகூட முளைக்கல. ஆனா ஒரே தடவ பார்த்து முடிவு கட்டக்கூடாது. கூழு நேத்துக் காய்ச்சினது. காலையில புதுசாக் காய்ச்சி, நல்ல தூளோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா தெளிவாத் தெரிஞ்சிடும்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "செத்ததுதான்னா நாள் கடத்தாதீங்க. மேலூர்ல எனக்குத் தெரிஞ்சவங்க நல்ல தூள் வெச்சிருக்காங்க. இப்ப போன் போட்டா காலை மொத பஸ்ல குடுத்து விட்ருவாங்க. போடட்டுமா?"

சாய்லியென் வாயைத் திறந்தாள். போடுங்கள் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒழுங்காகத் தெரிந்தது. இன்று மாலையே எல்லோரிடமும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் வேலை வீண் என்று சொல்ல வேண்டும். காலையில் வேலையை நிறுத்த வேண்டும். அதன்பிறகு கூழ்தான் கெட்டுப்போயிருந்தது, தூள் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரியவந்தால், விரிந்த பூவை வைத்துக்கொண்டு ஒரு நாளை வீணாக்கியவள் அவள்தான். ஒரு சோதனை போதாது என்று படித்தவளே சொல்கிறாள்.

"காலையில பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. அன்றைய தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். குவேய் அத்தை தலைவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு, யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாத அந்த மனுஷி, இந்த வருடத்துத் தூள் இறகில் ஒட்டுகிற அழகே தனி, தன் கையில்கூட இப்படி வந்ததில்லை என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். நாளை தன் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் என்பதால் காலையில் சீக்கிரம் வரச் சொன்னாள். சாய்லியென் தலையாட்டினாள். தேஃபூ அவள் முகத்தைப் பார்த்து, மாத்திரை போட்டாயா என்று கேட்டான். அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் ஏழு மணிக்கு, தலைவலி விடவில்லை என்று மறுபடியும் இறங்கினாள். நிலையம் எட்டரைக்குத் திறந்தது. நிங் டீச்சர் இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் சாய்லியென் கொண்டுவந்த தூள். மற்றதில் வேறு ஊர்த் தூள்.

பத்து மணிக்குக் காற்று மாறியது. ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே சில வசந்தங்களில் வரும் காய்ந்த காற்று அது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் உதடு காய்ந்தது. பிறகு நிலையத்து வாசலில் கொடியில் தொங்கிய துணிகள் அரை மணி நேரத்தில் விறைத்து நின்றன. வாசலில் மாட்டியிருந்த பெரிய வெப்பமானி பதினோரு மணிக்கு இருபத்தெட்டு காட்டியது. பன்னிரண்டுக்கு முப்பத்தொன்று. மூன்று நாளுக்கு முன் ஆறு டிகிரியில் நடுங்கிய ஊர் அது.

வேறு ஊர்த் துண்டில் இருநூறில் நூற்று அறுபதுக்கு வால் இருந்தது. மற்றதில் முந்நூறு எண்ணியும் ஒன்றுமில்லை.

"என்னுதுதான்," என்றாள் சாய்லியென். "ஏழு வீட்டுக்கு நான் குடுத்தது."

நிங் டீச்சர் போனை எடுத்தாள். மதியம் இரண்டு மணி பஸ்ஸில் ஒரு நெகிழிப் பெட்டிக்குள் மேலூர்த் தூள் வந்தது. ஏழு வீட்டுக்கும் தாராளமாகப் போதும். பெட்டியைக் கொடுக்கும்போது நிங் டீச்சர் வெயிலைப் பார்த்தாள். பூவின் நடுவில் நிற்கும் சூல்முடி பச்சையாக, ஈரமாக இருந்தால்தான் தூள் ஒட்டும், இந்தக் காற்றில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை, சீக்கிரம் போங்கள் என்றாள். நேற்றைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வண்டியில் போகும்போது சாய்லியென் நினைத்தாள்.

மூன்று மணிக்குக் குவேய் அத்தையின் தோட்டத்துக்கு வந்தாள். யாரும் மரத்தில் இல்லை. எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். குவேய் அத்தை ஒரு கொத்தைக் கையில் வைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதழ் வெள்ளையாகத்தான் இருந்தது. உள்ளே ஐந்து சூல்முடிகளும் தேயிலைத் தூள்போலக் கறுத்திருந்தன. காலையில் பாதி மரங்களை முடித்திருந்தார்கள், மீதிப் பாதியையும், அன்றைய முறையில் இருந்த பக்கத்துத் தோட்டத்தையும் காற்று தின்றுவிட்டது. கீழே நான்கு தோட்டத்திலும் அதே கதைதான், ஆனால் அவை ஏற்கெனவே தூள் தடவியவை.

பாங் அண்ணன்தான் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். சாய்லியென்னைப் பார்த்ததும் அவளையும் சேர்த்துக்கொண்டார்.

"வா நோட்டு. நீ குடுத்த தூள் ரெண்டு நாள் முந்தியே உள்ள எறங்கிடுச்சு, அதுக்கப்புறம் காஞ்சா என்ன, கருகினா என்ன. நாலு வீடு தப்பிச்சாச்சு. அத்த வீட்லயும் பாதி தப்பிச்சாச்சு. இல்லாத வீட்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பழம் குடுத்துச் சரிக்கட்டிக்கலாம்."

சாய்லியென் பெட்டியைத் தரையில் வைத்தாள். நின்றபடியே சொன்னாள். போர்வையைப் பற்றி, ஆணியைப் பற்றி, நாற்பத்து மூன்றைப் பற்றி, கண்ணாடித் துண்டைப் பற்றி. வரிசை மாறாமல் சொன்னாள். அழாமல் சொல்ல முடிந்தது அவளுக்கே வெறுப்பாக இருந்தது. சொல்லி முடித்தபோது தேஃபூ மட்டும் எழுந்து நின்றிருந்தான்.

ஒருவர் எழுந்துபோய்ப் பக்கத்து மரத்தில் ஒரு பூவைப் பறித்து, பிரித்துப் பார்த்து, கீழே போட்டார். தடவிய பூவும் தடவாத பூவும் ஒரே மாதிரி கறுத்திருந்தன.

குவேய் அத்தை கையிலிருந்த கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"சூடு தவறிப்போறது உண்டு," என்றாள். "எனக்கும் ஒரு வருஷம் தவறியிருக்கு. அத விடு. உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்கு மதியம் நிச்சயமாத் தெரிஞ்சுது அத்த."

"நிச்சயத்தக் கேக்கல. எப்பத் தெரியும்?"

சாய்லியென் தரையைப் பார்த்தாள். "நேத்து நாலரை மணிக்கு."

"இந்தப் பெட்டி நேத்தே கெடைச்சிருக்குமா?"

"காலையில மொத பஸ்ல வரும்னாங்க. நான்தான் பாத்துட்டுச் சொல்றேன்னேன்."

காலை முதல் பஸ் ஆறரைக்கு வரும். காற்று மாறியது பத்து மணிக்கு. நிழலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைப் போட்டார்கள். பதினைந்து பேர், மூன்றரை மணி நேரம். எல்லா மரத்தையும் மறுபடி முடித்திருக்க முடியாது. ஆனால் வீட்டுக்குப் பத்துப் பதினைந்து மரத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஒரு வருடத்தை எப்படியோ தள்ள அது போதும். நேற்று சாயங்காலம் இதே ஆட்கள் கால் கழுவிக்கொண்டு அவளுடைய தலைவலியை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாங் அண்ணன் மட்டும் ஏதோ சொல்ல வந்து, குவேய் அத்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். திட்டியிருந்தால், அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு அவள் ஏதாவது பேசியிருப்பாள். யாரும் திட்டவில்லை.

வீட்டுக்கு ஏறும் வழியில் தேஃபூ முன்னால் நடந்தான். வாசலில் நின்று, திரும்பாமலேயே சொன்னான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

சாயங்காலம் அவள் தன் தோட்டத்துக்குள் போனாள். மலையின் வடக்கு முகத்தில், பாறைக்குப் பின்னால் காற்று நேராக விழாத இடம் அது. தொண்ணூறு மரம். அன்று காலையில்தான் நன்றாக விரிந்திருந்தன. ஒரு பூவைப் பிரித்தாள். சூல்முடி பச்சையாக, ஈரமாக, நுனி பளபளத்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் அப்படித்தான். முழுச் சரிவிலும் பிழைத்திருந்தது அவளுடைய பூ மட்டும். அவளிடம் இருந்தது ஏழு வீட்டுக்குப் போதுமான நல்ல தூள்.

இப்படியே விட்டுவிடலாம் என்று அவள் தேஃபூவிடம் சொன்னாள். அவன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். விட்டுவிட்டால் அவர்கள் மரத்தில் காய் காய்த்துவிடுமா என்று கேட்டான். காலையில் நாம் இருவரும் முடிந்தவரை செய்வோம், இருபது மரம் ஆகட்டும், முப்பது மரம் ஆகட்டும் என்றான். யார் முகத்திலும் விழிக்காமல் இருவராகச் செய்து முடித்துவிடலாம் என்பது அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

காலை ஆறரை மணிக்கு நாய் குரைத்தது. சாய்லியென் எட்டிப் பார்த்தாள். கீழேயிருந்து வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் குவேய் அத்தை, கடைசியில் பாங் அண்ணன். ஆறு வீட்டு ஆட்களும், ஒருவர் குறையாமல். கையில் இறகுக் கழி.

அவளுக்கு முதலில் தோன்றியது, மன்னித்துவிட்டார்கள் என்றுதான். அந்த ஒரு நிமிடத்தை அவள் பிற்பாடு பலமுறை நினைத்து வெட்கப்பட்டாள். அவள் ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை கையை உதறவில்லை, பிடிக்கவும் இல்லை. தூள் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

எல்லோரும் மரத்தில் ஏறினார்கள். அன்றைய வேலையைப்போல ஒழுங்கான வேலையை சாய்லியென் பார்த்ததில்லை. ஒரு கிளைகூட விடுபடவில்லை, ஒரு பூகூட உதிரவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. பாங் அண்ணன் இரண்டு மரம் தள்ளி உட்கார்ந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பூவுக்குப் பூ கழியை நீட்டிக்கொண்டிருந்தார். இறகு இதழில் உரசும் சத்தம் கேட்டது. அவ்வளவு சின்னச் சத்தம் கேட்கும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

முறை வீட்டில் சாப்பாடு போடுவது வழக்கம். அவள் பாதி வேலையில் இறங்கி, புகையில் தொங்கிய பன்றித் தொடையை வெட்டி, பூண்டுத்தாளோடு வதக்கி, டோஃபுவும் முள்ளங்கிச் சாறும் வைத்து, பெரிய பானையில் சோறு வடித்தாள். பதினைந்து கிண்ணங்களை வரிசையாக எடுத்து வைத்தாள். மதியம் யாரும் மரத்திலிருந்து இறங்கவில்லை. இடுப்புத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்த சோளரொட்டியைக் கிளையிலேயே உட்கார்ந்து தின்றார்கள்.

நான்கு மணிக்குத் தொண்ணூறாவது மரம் முடிந்தது. குவேய் அத்தை இறங்கி, மிச்சமிருந்த தூளைப் பெட்டிக்குள் தட்டி, மூடியை இறுக்கி, சாய்லியென்னிடம் நீட்டினாள்.

"சாப்ட்டுட்டுப் போங்க அத்த. எல்லாருக்கும் ஆக்கி வெச்சிருக்கேன்."

"எங்க தோட்டத்துல உங்க வீட்லேர்ந்து மூணு நாள் செஞ்சிருக்கீங்க," என்றாள் அத்தை. "நாங்க ஒரு நாள் பாக்கி வெச்சிருந்தோம். இன்னையோட தீந்துபோச்சு. அடுத்த வருஷம் நாங்க ஆறு வீடு போட்டுக்கறோம். நீங்க உங்களுதப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். பாங் அண்ணன் வாசலைத் தாண்டும்போது கிண்ணங்களைப் பார்த்தார், சாய்லியென்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குப் பின்னால் இறங்கினார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கீழ்ச்சரிவில் காம்புகள் மஞ்சளாகின. தொட்டால் விழுந்தன, பிறகு தொடாமலும் விழுந்தன. ஏப்ரல் கடைசிக்குள் ஆறு வீட்டு ஆண்களும் கட்டட வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். பாங் அண்ணனும் போனார். ஊர்க் கூட்டத்தில் வெப்பக் காற்றால் சேதம் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவளுக்காகவா, தங்களுக்காகவா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவளுடைய மரங்களில் காய் பிடித்தது. இதுவரை இல்லாத அளவுக்குப் பிடித்தது. ஒரு கொத்தில் ஆறு ஏழு காய். அப்படியே விட்டால் எதுவும் பெருக்காது, கிளையும் முறியும். மே மாதத்தில் கொத்துக்கு ஒரு காயை விட்டு மீதியைக் கிள்ளிப் போட வேண்டும். அதுவும் ஏழு வீடும் முறை போட்டுச் செய்கிற வேலைதான். தேஃபூ பதினைந்து மரம் முடித்துவிட்டு, முதுகு பிடித்துக்கொண்டதால் படுத்துவிட்டான். அவள் தனியாக ஏணியை நகர்த்தி நகர்த்திக் கிள்ளினாள்.

கீழே பார்த்தால், காய் சுமக்காத மரங்கள் எல்லாத் தெம்பையும் இலைக்கே கொடுத்து, எந்த வருடமும் இல்லாத கரும்பச்சையில் அடர்ந்து நின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவன் நல்ல விளைச்சல் என்றுதான் சொல்வான்.

ஒரு நாள் காலை, பன்றிக்குத் தழை வெட்டக் கூடையோடு குவேய் அத்தை மேல்பாதை வழியே வந்தாள். ஏணியின்மேல் நின்ற சாய்லியென் கிள்ளுவதை நிறுத்தினாள். ஆனால் ஏற்கெனவே கிள்ளிப்போட்ட காய்கள், கட்டைவிரல் நுனியளவு, பச்சைப் பச்சையாக, சரிவில் உருண்டு பாதைக்கு வந்துகொண்டிருந்தன. அத்தை நின்றாள். காலடியில் பார்த்தாள். பிறகு ஒன்றைக்கூட மிதிக்காமல், ஒவ்வொரு காயாகத் தாண்டித் தாண்டி, பாதை முடியும்வரை தலை நிமிராமல் நடந்துபோனாள்.

சாய்லியென் கையில் ஒரு கொத்து இருந்தது. ஆறு காய். எதை விடுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறும் ஒன்றுபோலவே இருந்தன.